கொல்லைக் குட்டையும் குடவோலையும்

போன வருஷம் மே மாசம் அக்கா பிள்ளைங்க மூணு பேரும் லீவுக்கு தாமல் வந்திருந்தாங்க. பெரியவனுக்கு பன்னிரண்டு, நடுவுல உள்ளவளுக்கு ஒன்பது, குட்டிக்கு அஞ்சு. ரெண்டு நாள் மாமரம், ஒரு நாள் பம்புசெட். மூணாம் நாள் "போர் அடிக்குது மாமா" ஆரம்பிச்சாச்சு. செல்போனைப் பிடுங்கின பாவத்துக்கு நான்தானே பரிகாரம் செய்யணும்? கொல்லையில ஒரு மீன் குட்டை வெட்டலாமான்னு கேட்டேன். அவ்வளவுதான், மண்வெட்டி எங்கேன்னு கேட்டு மூணும் ஓடிருச்சு.

வெறும் குழின்னு நினைச்சு ஆரம்பிச்சது, என்னை ஆயிரத்து நூறு வருஷம் பின்னாடி இழுத்துட்டுப் போய்விட்டது. அந்தக் கதைதான் இது. நடுநடுவுல சரித்திரம் வரும், பொறுமையா வாங்க :)

முதல்ல எங்க ஊரைப் பற்றிக் கொஞ்சம். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போற நெடுஞ்சாலையில், பாலுசெட்டிசத்திரத்துக்குப் பக்கத்துல இருக்கு தாமல். பஸ் ஜன்னல்ல இருந்து பார்த்தா பெரிய ஏரி தெரியும். மழைக்காலத்துல கடல் மாதிரி, மே மாசத்துல மைதானம் மாதிரி. தொண்டை மண்டலத்தை அந்தக் காலத்துல 24 கோட்டமா பிரிச்சு வெச்சிருந்தாங்க. அதுல ஒண்ணு தாமல் கோட்டம். வராகீஸ்வரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் இன்னமும் இருக்கு. ஆனா ஊரை இத்தனை நூற்றாண்டு உயிரோட வெச்சிருந்தது ஏரிதான்னு நான் சொல்லுவேன். சாமிகள் கோவிச்சுக்க மாட்டாங்க.

சரி, குட்டைக்கு வருவோம்.

எட்டடி நீளம், அஞ்சடி அகலத்துக்குக் கயிறு கட்டினோம். ஆழம்தான் பஞ்சாயத்து. பெரியவன் ஆளுயரம் கேட்டான். நான் ஒத்துக்கலை. கடைசியில, ஒரு பக்கம் அரையடியில தொடங்கி சரிவா இறங்கி மறுபக்கம் ரெண்டடி, மேலே கம்பிவலை மூடி, பெரியவங்க இல்லாம யாரும் மூடியைத் திறக்கக் கூடாதுன்னு முடிவாச்சு. இதுல நான் விட்டுக்கொடுக்கலை, காரணம் உண்டு. எங்க பக்கத்து ஏரிகள்ல பிள்ளைங்க மூழ்கிச் செத்த சேதி வராத வருஷமே இல்லை. பழைய ஏரி, தட்டு மாதிரி. கரையோரம் ஆழம், உள்ளே போகப் போக மேடு. எங்கே நீச்சல், எங்கே நிலைன்னு ஊர்ப்பிள்ளைக்குத் தெரியும். பொக்லைன் வெச்சு சவடு மண் அள்ளினதுக்கு அப்புறம் முழங்கால் தண்ணிக்குப் பக்கத்துலயே பதினைஞ்சடிப் பள்ளம். தண்ணி நிரம்பிட்டா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். நீச்சல் தெரிஞ்ச பையனுக்கும் அங்கே கதை முடிஞ்சது. இதைப் பிள்ளைங்ககிட்ட ஒளிக்காம சொன்னேன். நடுவுலவள் மட்டும் ரொம்ப நேரம் பேசலை.

ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் ஆழம்னு முடிவானதும் வெட்டின மண்ணை எங்கே போடறதுன்னு கேள்வி. சுத்திலும் போடலாம்னான் பெரியவன். இங்கேதான் ஏரிக்கும் குளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியதாச்சு. குளம்னா நாலு பக்கமும் வெட்டி இறக்கறது. ஏரி அப்படி இல்லை. நிலம் சரியற பக்கம் மட்டும் பிறை மாதிரி வளைச்சுக் கரை போட்டு, மேட்டுப் பக்கத்தைத் திறந்தே விடறது. ஓடிவர்ற மழைத்தண்ணி தானா வந்து கரையில முட்டி நிற்கும். குறைஞ்ச மண்ணுல நிறைய தண்ணி. பாலாறு வருஷம் பூராவும் ஓடற ஆறு இல்லைங்கறதால, ஐப்பசி கார்த்திகையில விழறதைப் பிடிச்சு வெச்சு மாசிவரைக்கும் ஓட்டணும். பல்லவர் காலத்துலயே இந்தக் கணக்கு முத்திப் போயிருந்தது. மகேந்திரவர்மன் காலத்து மாமண்டூர் ஏரிக்குப் பேரு சித்திரமேக தடாகம். உத்திரமேரூர் ஏரிக்கு வைரமேக தடாகம். 9-ஆம் நூற்றாண்டுத் தந்திவர்மனோட பட்டப்பேர் அது. ரெண்டு ஏரிக்கும் மேகத்தோட பேர். ராஜாக்களோட விருதுப்பேர்தான்னாலும், ஏரிக்குப் பொருத்தமாத்தான் அமைஞ்சிருக்கு.

நாங்களும் கொல்லை சரியற தெற்குப் பக்கம் மட்டும் கரை போட்டோம். மோட்டாரைப் போட்டுத் தண்ணி நிரப்பினோம். மறுநாள் காலையில பார்த்தா, அடியில ஈரம் மட்டும்! பெரியவனுக்கு அழுகையே வந்துருச்சு.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலி மேல சாய்ஞ்சுகிட்டு சிரிச்சார். "ஏம்ப்பா, செம்மண்ணுல தண்ணி நிக்குமா? ஏரி மண்ணு போட்டு மிதிங்க. எருமைதான் மிதிக்கும், உங்கிட்ட எருமை இல்லேன்னா என்னா, மூணு கன்னுக்குட்டி கீதே" அப்படின்னார். கழனிக்குன்னு பர்மிட் வாங்கி அவர் அடிச்சு வெச்சிருந்த ஏரி மண்ணுல அரை டிராக்டர் கொடுத்தார். வண்டலும் களியும் கலந்த கறுப்பு மண். தண்ணி தெளிச்சு ரெண்டு நாள் மிதிச்சாங்க. அந்த ரெண்டு நாள் மூணு பேரையும் வீட்டுக்குள்ள விடவே இல்லை அம்மா, கிணத்தடியிலயே குளிப்பாட்டி அங்கேயே சோறு. மூணாவது தடவை தண்ணி நின்னுச்சு.

ஏரி மண்ணு ஏன் நிக்குதுன்னு நடுவுலவள் கேட்டாள். வருஷா வருஷம் ஓடிவர்ற தண்ணி கொண்டாந்து போடற பொடி மண், நாள்பட படிஞ்சு ஓட்டையை அடைச்சிடுது. அதே மண்தான் கழனிக்கு உரம். அதே மண்தான் அள்ளாம விட்டா ஏரியைத் தூர்த்து மேடாக்கறதும். ஒரே சமாச்சாரம், மூணு முகம். புத்தகத்துல படிச்சா அரைப்பக்கம், கால்ல ஒட்டினா மறக்காது.

அப்புறம் ஒரு கோடை மழை. அரை மணி நேரம்தான், ஆனா செம மழை. விடிஞ்சு பார்த்தா தெற்குக் கரையில ஒரு முழம் அறுத்துகிட்டுப் போயிருக்கு. கலங்கல் வைக்க மறந்துட்டோம். நானும்தான் மறந்தேன், சரித்திரம் பேசற ஆளு! எந்த ஏரியிலயும், நிறைஞ்சதும் மிஞ்சின தண்ணி வழிஞ்சு போக கரையைவிடத் தாழ்வா கல்லுக்கட்டு ஒண்ணு இருக்கும். அது இல்லேன்னா தண்ணி தனக்குப் பிடிச்ச இடத்துல வழி பண்ணிக்கும். இதைச் சொன்னப்போ மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையையும் சேர்த்துச் சொன்னேன். 1790-கள்ல செங்கல்பட்டு ஜாகீருக்குக் கலெக்டரா இருந்தவர் லயனல் பிளேஸ். இந்தப் பக்கத்து ஏரிகளை மராமத்து பண்ணினதுக்காக இன்னமும் பேசப்படறவர். ஒரு மழை ராத்திரி மதுராந்தகம் ஏரி உடையப் போகுதுன்னு பயந்துபோய்க் கரைக்குப் போனவருக்கு, வில்லும் கையுமா ரெண்டு பேர் காவல் நிற்கறது தெரிஞ்சதுன்னு கதை. கரை உடையலை. கோயில்ல தாயார் சந்நிதிக்கு அவர் திருப்பணி செய்ததா அங்கே கல்லுல இருக்கு. குட்டி ரொம்ப சீரியஸா கேட்டான், "நம்ம குட்டைக்கு ஏன் மாமா வரலை?" அப்புறம் ரெண்டு செங்கல்லை வெச்சுக் கலங்கல் கட்டினோம்.

இனிமே மீன். இதுல பெரிய ரகளையே நடந்தது.

பிள்ளைங்களுக்குக் கடையில விக்கற கலர் மீன் வேணும். எனக்கு வாய்க்கால் மீன் போதும். கொசு வரக்கூடாதேங்கற கவலை அம்மாவுக்கு. இந்தக் கவலைக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. 1897-ல் செகந்திராபாத்துல ரொனால்ட் ராஸ், மலேரியாக் கிருமியைக் கொசு வயித்துக்குள்ள கண்டுபிடிச்சார். அப்புறம் கொசுப்புழுவைத் தின்னற மீன் எதுன்னு தேட ஆரம்பிச்சாங்க. 1912-ல் கல்கத்தா இந்தியன் மியூசியத்திலிருந்து சீவெல், சௌத்ரின்னு ரெண்டு பேர், இதுக்கு உதவற இந்திய மீன்கள் எதுஎதுன்னு ஒரு கையேடே போட்டாங்க. நம்ம வாய்க்கால்ல மேலாக்க மிதக்கும் பாருங்க, உச்சந்தலையில வெள்ளிப் பொட்டு வெச்ச சின்ன மீன், அந்த வகையும் அதுல இருக்கு. ஊர்லயே ஆள் இருந்தும் நமக்கு வெளியூர் ஆள்தானே கெட்டிக்காரன்? 1928-ல் இத்தாலியிலிருந்து கம்பூசியா வந்தது. கொசுவைத் தின்னுச்சு, கூடவே மத்த மீனோட முட்டை, குஞ்சு எல்லாத்தையும் தின்னுச்சு. உலகத்துலயே ரொம்பத் தொல்லை தர்ற நூறு அந்நிய உயிரினங்கள்னு சர்வதேச அளவுல ஒரு பட்டியல் இருக்கு, அதுல அதுவும் ஒண்ணு. 1952-ல் வந்த ஜிலேபியும் அதே பட்டியல்ல இருக்கு. குஞ்சை வாய்க்குள்ளயே வெச்சுக் காப்பாத்தற மீன், எந்தக் குட்டையில விட்டாலும் பெருகிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கக் கூடாதுன்னு மத்திய அரசு 2000-லயே தடை போட்டுருச்சு. கொல்லைக் குட்டையில விட்டா என்ன குறைஞ்சிடும்னு கேட்கலாம். ஒரு பெரிய மழை, கலங்கல் வழிஞ்சு வாய்க்கால், வாய்க்கால் வழியா ஏரி. அவ்வளவுதான் தூரம். கலங்கல் கட்டின பிள்ளைங்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கலை.

ஆக, பொட்டு மீன் ஒரு முப்பது. கூட, மீன் குஞ்சு விக்கறவர்கிட்ட வாங்கின கட்லா, ரோகு பத்து. கட்லாவும் எங்க ஊர் மீன் இல்லை, வடக்கேயிருந்து இருபதாம் நூற்றாண்டோட முற்பகுதியில சென்னை மாகாண மீன்துறை கொண்டாந்து தெற்கே விட்டது. அந்தத் துறை 1907-ல் பிரெடரிக் நிக்கல்சன் தொடங்கினது. அப்பல்லாம் கெண்டைக் குஞ்சு வேணும்னா ஆத்துலதான் பிடிக்கணும், குட்டையில அது முட்டையே போடாது. 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவுல அங்குல்ங்கற ஊர்ல ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும், பிட்யூட்டரி சுரப்பிச் சாறை ஊசி போட்டு முட்டையிட வெச்சாங்க. இன்னைக்கு பாலிதீன் பையில ஆக்சிஜன் அடைச்சு நமக்கு விக்கறாங்களே, அது அந்த ஊசியோட பேரப்பிள்ளை.

நடுவுலவள் நோட்டு போட்டு தினமும் காலையில எண்ணினாள். பொட்டு மீன் 30, 28, 23, 17... பாம்பு வருதோன்னு ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தோம். கடைசியில துப்பு துலங்குச்சு. பெரியவன் யாருக்கும் தெரியாம கழனியிலேருந்து ஒரு விரால் குட்டியைப் பிடிச்சு விட்டிருக்கான்! அதுவோ மத்த மீனைத் தின்னற மீன். அதைப் பிடிக்க வலை கட்டினதுக்கு மறுநாள் ராத்திரி தூறல். காலையில பார்த்தா கம்பிவலை ஓரத்துச் சந்து வழியா எகிறி, கிணத்தடிச் சேத்துல கிடக்குது, உயிரோட. விரால் மேல வந்து காத்தையே மூச்சு விடும். ஈரம் இருந்தா தரையில ரொம்ப நேரம் தாங்கும். எடுத்துட்டுப் போய் வாய்க்கால்லயே விட்டான் பெரியவன், மொகத்தைத் தொங்கப் போட்டுகிட்டு.

ஆனா நிஜமா அடி விழுந்தது அதுக்கப்புறம்தான். ஒரு நாள் விடிகாலை ஆறு கெண்டைக் குஞ்சு வெள்ளையா மல்லாந்து கிடந்தது. மிச்சம் நாலும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. தண்ணி பச்சைப் பசேல்னு இருக்கு. விசாரிச்சா, பெரியவன் காலையில பொரி போட்டிருக்கான், நடுவுலவள் மத்தியானம் தவிடு, குட்டி அவன் சாப்பிடாத இட்லி முழுக்க. ஆளுக்கு ஆள் தெரியாம மூணு வேளை! தின்னது போக மிச்சம் அழுகிப் பாசி கட்டிருச்சு. பாசி பகல்ல ஆக்சிஜன் கொடுக்கும், ராத்திரியில அதுவும் மூச்சு விடணுமே, எல்லாத்தையும் இழுத்துக்கும். விடியறதுக்கு முன்னாடிதான் தண்ணியில காத்து ரொம்பக் கம்மி. "பாசம் ஜாஸ்தியாகிச் செத்துருச்சா மாமா?" ன்னு நடுவுலவள் அழுதாள். நான் ஆமாவும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை.

பாதித் தண்ணியை வாளியில மொண்டு தென்னைக்கு ஊத்தினோம். உடனே சண்டை. நீதான், நீதான், நீதான். யார் பொறுப்பு? யார் போடணும், யார் சேறு எடுக்கணும், யார் எண்ணணும்? எல்லாருதுன்னா யாருதும் இல்லைன்னு ஆகுது. அன்னிக்கு ராத்திரி எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. மறுநாளே மூணையும் கிளப்பி காஞ்சிபுரம் போய் பஸ் மாறி அழைச்சுட்டுப் போனேன்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். பள்ளிக்கூடப் புத்தகத்துல எல்லாரும் படிச்சதுதான், முதலாம் பராந்தகன் காலத்து ரெண்டு கல்வெட்டு, 919-லும் 921-லும். குடவோலைத் தேர்தல். வெங்கய்யாவும் அப்புறம் நீலகண்ட சாஸ்திரியும் எழுதி உலகத்துக்கே தெரிஞ்சது. ஆனா பரீட்சைக்குப் படிச்சப்போ நான் கவனிக்காம விட்டதை, பிள்ளைங்களோட நின்னு சொல்றப்போதான் கவனிச்சேன்.

ஊரை முப்பது குடும்பா பிரிக்கறாங்க. குடும்புன்னா இன்னைக்கு வார்டு. ஒவ்வொரு குடும்புலயும் தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதி, கட்டி, குடத்துல போடறது. சபையில பெரியவங்க சின்னவங்க எல்லாரும் கூடியிருக்கணும். உள்ள என்ன இருக்குன்னு பகுத்தறியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு அவனை எடுக்கச் சொல்லணும். அவன் எடுத்துக் கொடுக்கற ஓலையை வாங்கறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும், விரலிடுக்குல வேற ஓலை ஒளிச்சு வைக்கலைன்னு எல்லாருக்கும் தெரியணும்ல! அவர் உரக்கப் படிச்சதை மத்தவங்களும் வாங்கிப் படிக்கணும். இப்படி முப்பது பேர். அதுல பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், மிச்சம் ஆறு பேர் ஏரி வாரியம். 360 நாள் பதவி, அப்புறம் இறங்கிடணும். முன்னாடி வாரியத்துல இருந்து கணக்கு காட்டாதவன் பேரை ஓலையில எழுதவே கூடாது, அவன் சொந்தக்காரன் பேரையும்.

919-ல் வயசு 30-லிருந்து 60-க்குள்ளன்னு வெச்சவங்க, ரெண்டே வருஷத்துல 35-லிருந்து 70-ன்னு மாத்தறாங்க. "முதல்ல போட்ட ரூல்ஸ் சரியா வரலை போல"ன்னான் பெரியவன். மூணு தடவை குட்டை நிரப்பினவனாச்சே, புரியாதா?

இதை ஜனநாயகத் தொட்டில்னு மேடையில முழங்கறது எனக்குப் பிடிக்காது. அது பிரமதேயம். நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆம்பளைக்குத்தான் ஓலை. ஏரியில மண்ணு சுமந்தவன் பேரு குடத்துக்குள்ள விழவே விழாது. "அப்போ பொண்ணுங்க?"ன்னு நடுவுலவள் கேட்டப்போ, இல்லைம்மான்னுதான் சொன்னேன். அவள் சுவரை முறைச்சுப் பார்த்தாள்.

ஆனா ஏரின்னா வெட்டி முடிக்கற காரியம் இல்லை, வருஷா வருஷம் ஆள் வெச்சுப் பார்க்கற காரியம்ங்கறதைக் கல்லுல வெட்டி வெச்சாங்க இல்லையா, அது பெருசு. வைரமேக தடாகத்துல தூர் எடுக்கப் பொன் கொடுத்து, அந்த வட்டியில வேலை நடக்கணும்னு எழுதி வெச்சவங்க தந்திவர்மன் காலத்துலயே உண்டு. மீன் பிடிக்கற உரிமைக்கான வரியைக் கல்வெட்டுகள்ல பாசிப்பாட்டம்னு சொல்லுவாங்க. இன்னைக்கும் ஏரி மீன் ஏலத்துக்கு மீன்பாசி குத்தகைன்னுதான் பேரு. அந்தப் பாசி ஆயிரம் வருஷமா காயலை!

பின்னாடி வெள்ளைக்காரன் 1858-ல் சட்டம் போட்டுக் குடிமராமத்துக்குக் கட்டாயமா ஆள் வரணும்னான். வருமானத்தைக் கச்சேரி எடுத்துக்கும், மண்ணை மட்டும் ஊர் சுமக்கணும்னா யார் மனசோட வருவான்? 2017-ல் தமிழ்நாடு அரசு குடிமராமத்துன்னு அதே பேர்ல 100 கோடி ரூபாய்க்கு 1,519 வேலை எடுத்தது. பேரு வந்தது, குடி வந்துச்சான்னு ஊருக்கு ஊர் கேட்டாத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் குட்டை வாரியம் அமைஞ்சது. பெரியவன், நடுவுலவள், என் அம்மா, நான்னு நாலு பேர் பேரையும் தென்னோலையில எழுதி சொம்புல போட்டாச்சு. சாப்பாடு போடறவர், சேறு எடுக்கறவர், எண்ணி எழுதறவர், மூணு வேலை, வாரம் ஒரு தடவை குலுக்கல். விராலை ஒளிச்சு விட்டவன் ஒரு வாரம் நிற்கக் கூடாதுன்னு நடுவுலவள் சட்டம் கொண்டு வந்தாள், அம்மா ஓட்டுப் போட்டுப் பாஸ் பண்ணினாங்க. எடுக்கறது குட்டி. அஞ்சு விரலை விரிச்சு வாங்காத ஆளுக்கு அவன் ஓலையைக் கொடுக்கவே மாட்டான். முதல் வாரம் சேறு எடுக்கற வேலை எனக்கு விழுந்தது. எழுபது வயசு அம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே!

மிச்சம் நாலு கெண்டையும் பிழைச்சுது. ஜூன்ல பிள்ளைங்க ஊருக்குப் போனப்புறமும் ஞாயித்துக்கிழமை போன் வரும், எண்ணிக்கை கேட்டு. கார்த்திகை மழையில செங்கல் கலங்கல் வழியா தண்ணி அழகா வழிஞ்சுது, கரை அசையலை. வீடியோ எடுத்து அனுப்பினேன்.

இந்த வருஷம் மே மாசம் வந்து இறங்கினதும் பெரியவன் குச்சியை விட்டு அளந்தான். அடியில நாலு விரக்கடை சேறு. கூடை எடுத்துட்டு வந்து அள்ளி அள்ளிக் கரைமேலயும் வாழைக்கும் போட்டாங்க. சாயந்திரம் சொம்பு வந்தது, ஓலை வந்தது. குட்டி வழக்கம்போல முன்னாடி வந்து உட்கார்ந்தான்.

"நீ எடுக்கக் கூடாது"ன்னாள் நடுவுலவள்.

"ஏன்?"

"நீ ஒண்ணாம் கிளாஸ் முடிச்சுட்டே. இப்போ உனக்குப் படிக்கத் தெரியும்."

குட்டி என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பக்கத்து வீட்டுப் பெரியவரோட பேத்தியை, மூணு வயசு, இடுப்புல தூக்கிட்டு வந்து சொம்புக்கு முன்னாடி இறக்கி விட்டாங்க.